‘காடழிப்பைக் குறைத்துவிட்டோம்’ என்று ஒரு நாடு சொன்னால்: ரெட் பிளஸ் கணக்கைச் சரிபார்க்கும் முழுமையான வழிகாட்டி

ஒரு நாடு காடு வெட்டுவதைக் குறைத்தது, அதனால் இத்தனை கோடி டன் கார்பன் டை ஆக்சைடு காற்றில் கலக்கவில்லை, அதற்குப் பரிசாக இத்தனை கோடி டாலர் கிடைத்தது. இப்படி ஒரு செய்தி வந்தால் எல்லோரும் கடைசியில் இருக்கும் டாலர் தொகையைத்தான் முதலில் பிடிக்கிறார்கள். இந்தக் கணக்கைப் புதியவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும்போது நான் திரும்பத் திரும்பப் பார்ப்பது இதைத்தான். தொகையிலிருந்து பின்னோக்கிப் போனால் எந்த எண் எங்கிருந்து வந்தது என்றே தெரியாது. அளவுகோலிலிருந்து தொடங்கி முன்னோக்கி வந்தால் இரண்டு நாளில் முடித்துவிடலாம்.

வளரும் நாடுகளின் காடழிப்பு உமிழ்வைக் குறைப்பது பற்றிய ஐநா காலநிலைப் பேச்சுவார்த்தையில் உருவான ஏற்பாட்டுக்கு ரெட் பிளஸ் என்று பெயர். ஒரு நாடு அதன்கீழ் சொல்லும் கணக்கை வெளியாள் ஒருவர் எப்படிச் சரிபார்ப்பது என்பதைப் படிப்படியாகக் கீழே எழுதியிருக்கிறேன். உதாரணத்துக்கு பிரேசிலின் அமேசான். குறிப்பு அளவை, அதாவது குறைப்பை எதோடு ஒப்பிட்டுச் சொல்கிறார்களோ அந்த அளவுகோலை, முதன்முதலில் ஐநாவுக்கு அனுப்பிய நாடு அதுதான். அதன் ஆவணங்கள் திறந்தே கிடக்கின்றன.

1. தொடங்குமுன் கையில் இருக்க வேண்டியவை

ஐந்து ஆவணங்கள் வேண்டும். நாடு அனுப்பிய குறிப்பு அளவு அறிக்கை. அதன்மேல் ஐநா நியமித்த வல்லுநர்கள் எழுதிய தொழில்நுட்ப மதிப்பீடு. விளைவுகளை, அதாவது எந்த ஆண்டில் எத்தனை டன் குறைந்தது என்பதை, சொல்லும் தொழில்நுட்ப இணைப்பு. அந்த இணைப்பைப் பற்றிய பகுப்பாய்வு அறிக்கை. காட்டுக்கும் அதில் வாழும் மக்களுக்கும் கேடு வராமல் பார்க்கும் காப்பு நெறிகள் பற்றிய சுருக்கம். ஐந்தும் ஐநா காலநிலைச் செயலகத்தின் ரெட் பிளஸ் தளத்தில், நாடுவாரியாக, லிமா தகவல் மையம் என்ற பகுதியில் இருக்கும்.

குறிப்பு அளவு அறிக்கைக்குப் பெரும்பாலும் இரண்டு பதிப்பு உண்டு. முதலில் அனுப்பியது ஒன்று, வல்லுநர்களின் கேள்விக்குப் பிறகு திருத்தி அனுப்பியது இன்னொன்று. திருத்தியதை மட்டும் எடுங்கள். தேடுபொறியில் முதலில் வருவது பழைய பதிப்பாக இருக்கலாம். அதை வைத்து ஒரு நாள் முழுக்க உழைத்துவிட்டு, எண் ஒத்துவரவில்லை என்று உட்கார்ந்திருந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

இவற்றோடு ஒரு கணக்குத் தாள், ஒரு வரைபடம். அவ்வளவுதான்.

2. கூற்றை ஒரே வரியில் எழுதுங்கள்

எந்த எண்ணையும் தொடுவதற்கு முன், நாடு சொல்வதை உங்கள் சொந்த வார்த்தையில் ஒரு வரியாக எழுதுங்கள். எந்த நிலப்பரப்பு, எந்தச் செயல்பாடு, எந்த ஆண்டுகள், எதோடு ஒப்பிட்டு, எத்தனை டன் என்ற ஐந்துக்கும் அதில் பதில் இருக்க வேண்டும். தெரியாத இடத்தைக் காலியாக விடுங்கள்.

செய்திக் குறிப்புகளை வைத்து எழுதினால் பெரும்பாலும் ‘எதோடு ஒப்பிட்டு’ என்ற இடம்தான் காலியாக இருக்கும். உங்கள் வேலையில் பாதி அந்த இடத்தை நிரப்புவதுதான்.

3. முடிவு ஆவணங்களில் நான்கைப் படியுங்கள், மற்றதை விடுங்கள்

இந்தப் பேச்சுவார்த்தையில் காகிதம் மலைபோல் இருக்கிறது. எல்லாவற்றையும் படிக்க முயன்றவர்கள் பாதியில் விட்டுவிடுகிறார்கள். கணக்கைச் சரிபார்க்க நான்கு இடங்கள் போதும்.

முதலாவது கான்குன் காலநிலை மாநாடு, 2010, முடிவு எண் 1/சிபி.16. அதன் 70-ஆம் பத்தி ஐந்து செயல்பாடுகளைச் சொல்கிறது: காடழிப்பைக் குறைத்தல், காட்டின் தரச் சிதைவைக் குறைத்தல், காட்டில் இருக்கும் கார்பனைப் பாதுகாத்தல், நீடித்த காட்டு மேலாண்மை, காட்டுக் கார்பனைப் பெருக்குதல். 71-ஆம் பத்தி, நாடு தயாராக வைத்திருக்க வேண்டிய நான்கைச் சொல்கிறது: தேசியத் திட்டம், குறிப்பு அளவு, காட்டுக் கண்காணிப்பு அமைப்பு, காப்பு நெறிகள் பற்றிய தகவல் அமைப்பு. முதல் இணைப்பில் ஏழு காப்பு நெறிகள் இருக்கின்றன.

இரண்டாவது டர்பன், 2011, முடிவு 12/சிபி.17. குறிப்பு அளவை எப்படி அமைப்பது என்பது இங்கே. மூன்றாவது வார்சா, 2013. அங்கே எடுத்த ஏழு முடிவுகள், 9 முதல் 15 வரை, சேர்ந்ததுதான் வார்சா சட்டகம். அதில் 9, 13, 14 மூன்றையும் படித்தால் போதும்: பணம், குறிப்பு அளவின் மதிப்பீடு, விளைவுகளின் அளவீடு. நான்காவது பாரிஸ் ஒப்பந்தத்தின் 5-ஆம் பிரிவு. இது முன்பு எடுத்த முடிவுகளை ஒப்பந்தத்துக்குள் கொண்டுவருகிறது. புதிய கணக்கு முறை எதுவும் அதில் இல்லை.

படிக்கும்போது வினைச்சொல்லைக் கவனியுங்கள். ‘முடிவு செய்கிறது’ என்பதும் ‘ஊக்குவிக்கிறது’ என்பதும் ஒன்றல்ல. ‘அழைக்கிறது’ என்றால் வரலாம், வராமலும் இருக்கலாம். சதுர அடைப்புக்குறி போட்ட வரி ஏதாவது கண்ணில் பட்டால் நீங்கள் வரைவைப் படிக்கிறீர்கள் என்று அர்த்தம். அடைப்புக்குறிக்குள் இருப்பது இன்னும் ஒத்துக்கொள்ளப்படாதது. வரைவு வரியை எடுத்து ‘விதி இப்படிச் சொல்கிறது’ என்று எழுதிய கட்டுரைகள் நிறைய உண்டு. கவனம்.

4. செயல்பாட்டையும் காட்டின் வரையறையையும் குறித்துக்கொள்ளுங்கள்

ஐந்து செயல்பாடுகளில் நாடு எதைக் கணக்கில் எடுத்தது? பிரேசில் 2014-இல் அனுப்பிய அமேசான் அறிக்கையில் காடழிப்பு மட்டும்தான். காட்டை முழுதாக மழித்தால் கணக்கில் வரும். பெரிய மரங்களை மட்டும் தேர்ந்து வெட்டினாலோ, தரையோடு தீ ஓடி மரங்கள் பாதி கருகி நின்றாலோ அது தரச் சிதைவு. இந்தக் கணக்கில் அது வராது. ‘அமேசான் உமிழ்வு குறைந்தது’ என்று எழுதக் கூடாது, ‘அமேசானில் காடழிப்பால் வரும் உமிழ்வு குறைந்தது’ என்றுதான் எழுத வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான். தீ அதிகமான ஆண்டுகளில் இரண்டுக்கும் இடையே பெரிய தூரம் இருக்கும்.

இந்தியா 2018-இல் அனுப்பியதை எடுத்துப் பாருங்கள், இன்னும் நன்றாகப் புரியும். அது காடழிப்பைப் பற்றியதே அல்ல. நீடித்த காட்டு மேலாண்மையை எடுத்துக்கொண்டது. அதனால் எண்ணும் கழித்தல் குறியோடு வருகிறது, ஆண்டுக்கு சுமார் 4.97 கோடி டன். காடு காற்றிலிருந்து உள்ளே இழுத்துக்கொள்ளும் அளவு அது. பிரேசிலின் எண்ணையும் இந்தியாவின் எண்ணையும் ஒரே அட்டவணையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் அந்த அட்டவணைக்குப் பொருளே இல்லை.

அப்புறம் வரையறை. காடு என்று எதைச் சொல்கிறார்கள்? குறைந்தபட்சப் பரப்பு, மர உயரம், விதான அடர்த்தி (மரத் தலைகள் நிலத்தை மூடும் அளவு) ஆகிய மூன்றையும் எழுதிக்கொள்ளுங்கள். பிரேசில் 0.5 ஹெக்டேர், 5 மீட்டர், 10 சதவீதம் என்கிறது. ஆனால் அமேசானில் காடழிப்பைச் செயற்கைக்கோள் படத்தில் அளக்கும் புரோடெஸ் திட்டம் 6.25 ஹெக்டேருக்குக் குறைந்த வெட்டை அந்த ஆண்டில் கணக்கிடுவதில்லை. 6.25 ஹெக்டேர் என்றால் நம் கணக்கில் பதினைந்து ஏக்கருக்கு மேல். ஆற்றோரத்தில் ஒரு குடும்பம் மரவள்ளி போட அழித்த இரண்டு ஏக்கர் அந்தப் படத்தில் தெரியாது. வரையறை வேறு, அளவீட்டின் கண் வேறு. இரண்டையும் தனித்தனியாகக் குறியுங்கள்.

5. எல்லைக்கோட்டை வரைபடத்தில் தொட்டுப் பாருங்கள்

இது சின்ன வேலை, பத்து நிமிடம். ஆனால் இதைத் தவிர்த்ததால் வந்த பிழைதான் நான் பார்த்ததில் அதிகம்.

பிரேசிலில் ‘அமேசான்’ என்று இரண்டு உண்டு. ஒன்று அமேசான் உயிர்ப்பரப்பு, அதாவது இயற்கையை வைத்து வரைந்த எல்லை, சுமார் 42 லட்சம் சதுர கிலோமீட்டர். இன்னொன்று ‘சட்ட அமேசான்’ என்ற நிர்வாக எல்லை, அதைவிடப் பெரியது, சுமார் 50 லட்சம். பிரேசிலின் விண்வெளி ஆய்வு நிறுவனமான இன்பே ஒவ்வோர் ஆண்டும் வெளியிட்டுத் தலைப்புச் செய்தியாகும் எண் சட்ட அமேசானுக்கானது. ஐநாவுக்கு அனுப்பிய குறிப்பு அளவோ உயிர்ப்பரப்புக்கு மட்டும். செய்தியில் வந்த எண்ணை எடுத்து அறிக்கையில் உள்ள எண்ணிலிருந்து கழித்தால் விடை தப்பாகத்தான் வரும்.

இன்னொரு வேறுபாடும் அங்கேயே இருக்கிறது. இன்பே வெளியிடுவது ஆண்டு ‘வீதம்’. குறிப்பு அளவில் பயன்படுவது மேகமூட்டத்துக்காகத் திருத்திய ‘கூடுதல் பரப்பு’. முந்தைய ஆண்டில் மேகம் மறைத்ததால் தெரியாமல் போன வெட்டு, மேகம் விலகிய ஆண்டில் மொத்தமாகத் தலைகாட்டும். அதை அந்த ஒரே ஆண்டின் தலையில் கட்டாமல் பிரித்துப் போடுவதற்குத்தான் இந்தத் திருத்தம். ஆகவே ஒரே ஆண்டுக்கு இரண்டு எண் கண்ணில் பட்டால் யாரோ பொய் சொல்கிறார்கள் என்று உடனே முடிவுகட்ட வேண்டாம். எந்த வரிசையிலிருந்து எடுத்தது என்று முதலில் பாருங்கள். ஆண்டு என்பதும் ஆகஸ்டு முதல் ஜூலை வரை, ஜனவரியிலிருந்து அல்ல.

எல்லைக்கோட்டைத் தொட்டுப் பார்க்கும்போது அதற்கு வெளியே என்ன இருக்கிறது என்றும் பாருங்கள். அமேசானுக்குத் தெற்கிலும் கிழக்கிலும் செராடோ என்ற புல்லும் மரமும் கலந்த பெரும் பரப்பு. அமேசானில் கெடுபிடி கூடினால் சோயாவும் மாடும் அங்கே நகரலாம். காப்பு நெறிகளில் ஏழாவது இந்த இடப்பெயர்ச்சியைப் பற்றியதுதான். பிரேசில் 2017-இல் செராடோவுக்கும் தனியாக ஒரு குறிப்பு அளவு அனுப்பியது. அமேசான் கணக்கைப் பார்ப்பவர் அதையும் பக்கத்தில் திறந்து வைத்துக்கொள்வது நல்லது.

6. குறிப்பு அளவைப் பிரித்துப் பாருங்கள்

நேரத்தில் பாதியை இங்கே செலவழியுங்கள். குறைப்பு என்பது ஒரு கழித்தல் கணக்கு: குறிப்பு அளவிலிருந்து அந்த ஆண்டின் உமிழ்வைக் கழித்தால் வருவது. உமிழ்வின் எண் செயற்கைக்கோள் படங்களை வைத்து வருகிறது. குறிப்பு அளவோ, எந்த ஆண்டுகளை எடுப்பது என்று மனிதர்கள் முடிவு செய்வதிலிருந்து வருகிறது.

பிரேசில் ஏணிப்படி மாதிரி ஒரு முறை வைத்தது. 2006 முதல் 2010 வரையிலான விளைவுகளுக்கு, 1996 முதல் 2005 வரையிலான உமிழ்வின் சராசரி: ஆண்டுக்கு சுமார் 110.6 கோடி டன். 2011 முதல் 2015 வரைக்கு, 1996 முதல் 2010 வரையிலான சராசரி: சுமார் 90.8 கோடி டன். 2016 முதல் 2020 வரைக்கு, 1996 முதல் 2015 வரையிலான சராசரி: சுமார் 75.2 கோடி டன். காடழிப்பு குறையக் குறைய, குறைந்த ஆண்டுகளும் சராசரிக்குள் வந்து அளவுகோலைக் கீழே இறக்கும். முறையாகப் பார்த்தால் இது எனக்குப் பிடித்த அமைப்பு. நேற்றைய வெற்றியைக் காட்டி நாளைக்கும் பணம் கேட்க முடியாது.

ஆனால் ஆரம்ப ஆண்டைக் கவனியுங்கள். சட்ட அமேசானில் 1995-இல் 29,059 சதுர கிலோமீட்டர் காடு போனது, 2004-இல் 27,772. சராசரி 1996-இல் தொடங்குகிறது. எனவே 1995-இன் உச்சம் வெளியே, 2004-இன் உச்சம் உள்ளே. இப்படி ஒவ்வொரு நாட்டுக்கும் தொடக்க ஆண்டையும் முடிவு ஆண்டையும் இரண்டு பக்கமும் ஒன்றிரண்டு ஆண்டு நகர்த்தி, சராசரி எவ்வளவு ஆடுகிறது என்று கணக்குத் தாளில் போட்டுப் பாருங்கள். கொஞ்சம் நகர்த்தினாலே எண் பெரிதாக ஆடினால், அந்தக் குறைப்பு எண்ணை எச்சரிக்கையோடு கையாள வேண்டும்.

புதியவர்கள் இங்கே செய்யும் பெரிய தப்பு, தவறான படியில் கால் வைப்பது. 2014-ஆம் ஆண்டின் உமிழ்வை 110.6 கோடியிலிருந்து கழித்தால் விடை அழகாகத்தான் வரும், ஆனால் 19.8 கோடி டன் கூடுதலாக வரும். அந்த ஆண்டுக்கு உரியது 90.8.

எல்லா நாடும் பழைய சராசரியை அப்படியே வைப்பதில்லை. கயானாவில் காடு அதிகம், வெட்டு மிகக் குறைவு. அதன் பழைய சராசரியை வைத்தால் குறைப்பதற்கே ஒன்றும் இருக்காது. அதனால் தன் வீதத்தையும் உலகச் சராசரி வீதத்தையும் சேர்த்து நடுவில் ஒரு கோடு போட்டது: ஆண்டுக்கு 4.63 கோடி டன். காட்டைக் காப்பாற்றி வைத்திருக்கும் நாட்டுக்குப் பரிசே இல்லை என்றால் அது அநியாயம் என்ற வாதத்தில் எனக்கும் உடன்பாடுதான். ஆனால் அப்படிக் கிடைக்கும் டன், நேற்றைய வெட்டு இன்று குறைந்ததால் வந்த டன் அல்ல. எழுதும்போது இந்த வேறுபாட்டைச் சொல்லியே ஆக வேண்டும். டர்பன் முடிவு நாட்டின் சூழ்நிலையைக் கணக்கில் எடுக்க இடம் கொடுக்கிறது. ‘தேசியச் சூழ்நிலை’ என்ற தலைப்பு அறிக்கையில் எங்கே வருகிறது என்று தேடுங்கள். அந்தப் பக்கத்தில்தான் இப்படிப்பட்ட திருத்தம் இருக்கும்.

கடைசியாக, கார்பன் எங்கெங்கே எண்ணப்பட்டது? தரைக்கு மேல் மரம், தரைக்குக் கீழ் வேர், காய்ந்த மரம், சருகு, மண் என்று ஐந்து இடம். பிரேசில் மரம், வேர், சருகு மூன்றை எடுத்தது. இந்தோனேசியா கரிச் சதுப்பு நிலம் காய்ந்து மட்குவதால் வரும் உமிழ்வையும் தன் கணக்கில் சேர்த்தது, ஏனென்றால் அங்கே மண்ணைவிட்டால் கதையில் பெரும்பகுதி போய்விடும். எதை விட்டார்கள், ஏன் விட்டார்கள் என்று இரண்டும் எழுதுங்கள்.

7. ஒரு முறை உங்கள் கையால் கணக்குப் போடுங்கள்

அறிக்கையின் எண்ணை அப்படியே நகலெடுக்காமல் நீங்களே ஒருமுறை போட்டுப் பாருங்கள். அளவின் தோராயம் கைக்கு வந்துவிட்டால் பிறகு பெரிய பிழை கண்ணில் படாமல் போகாது.

பயிற்சிக்காக எளிய எண்களை எடுப்போம். ஒரு ஹெக்டேர் அடர்ந்த காட்டில் 150 டன் கார்பன் இருக்கிறது என்று வையுங்கள். கார்பனை கார்பன் டை ஆக்சைடாக மாற்ற 44-ஆல் பெருக்கி 12-ஆல் வகுக்க வேண்டும். 550 டன். ஓர் ஆண்டில் 5,000 சதுர கிலோமீட்டர் அழிந்தால், அதாவது 5 லட்சம் ஹெக்டேர், 27.5 கோடி டன் உமிழ்வு. குறிப்பு அளவு 90.8 கோடி என்றால் குறைப்பு 63.3 கோடி டன்.

இதில் மூன்று இடத்தில் கை தவறும். சதுர கிலோமீட்டரை ஹெக்டேராக்கும்போது 100-ஆல் பெருக்க மறப்பது ஒன்று. கார்பனுக்கும் கார்பன் டை ஆக்சைடுக்கும் இடையிலான அந்த 44/12-ஐ விட்டுவிடுவது இன்னொன்று. ஒரு அட்டவணை கார்பனிலும் அடுத்தது கார்பன் டை ஆக்சைடிலும் இருக்கும், தலைப்பு வரியைப் படிக்காவிட்டால் எண் மூன்றரை மடங்குக்கு மேல் மாறிவிடும். மூன்றாவது நம் பழக்கத்தால் வருவது: மில்லியனைக் கோடியாக்கும்போது ஒரு பூஜ்யம் விழுந்துவிடும். பத்து மில்லியன்தான் ஒரு கோடி. தாளின் மேலேயே எழுதி வையுங்கள்.

உண்மையான கணக்கில் ஹெக்டேருக்கு ஒரே எண் இருக்காது. பிரேசில் காட்டு வகைகளுக்கு ஏற்ப ஒரு கார்பன் வரைபடம் வைத்திருக்கிறது. அதன் அடிப்படை 1970-களில் தொடங்கிய ராடம்பிரேசில் அளவெடுப்பின் களத் தரவு. அந்த ஆண்டு எந்த வகைக் காடு வெட்டப்பட்டதோ அதற்கு ஏற்ப விடை மாறும். உங்கள் தோராயம் அறிக்கையின் எண்ணுக்குப் பத்து, பதினைந்து சதவீதத்துக்குள் வந்தால் சரி. இரண்டு மடங்கு வித்தியாசம் வந்தால் மேலே சொன்ன மூன்று இடத்துக்கும் திரும்பிப் போங்கள்.

8. மதிப்பீட்டு அறிக்கையைப் பின்பக்கத்திலிருந்து படியுங்கள்

குறிப்பு அளவை இரண்டு வல்லுநர்கள் பார்க்கிறார்கள், வளர்ந்த நாட்டிலிருந்து ஒருவர், வளரும் நாட்டிலிருந்து ஒருவர். அவர்கள் எழுதிய அறிக்கை வெளியானதும் ‘ஐநா அங்கீகரித்தது’ என்று செய்தி வரும். அப்படி இல்லை. தரவு வெளிப்படையாக இருக்கிறதா, முழுமையா, முறைகளுக்குள் முரண் இல்லையா என்று மட்டும் பார்ப்பது அவர்கள் வேலை. நாட்டின் உள்நாட்டுக் கொள்கையைப் பற்றித் தீர்ப்புச் சொல்லக் கூடாது என்று வார்சா முடிவே கட்டிப்போட்டிருக்கிறது.

அதனால் முன்னுரையில் வரும் பாராட்டு வரிகளை விட்டுவிட்டு நேராக முடிவுரைக்குப் போங்கள். ‘எதிர்காலத்தில் மேம்படுத்த வேண்டியவை’ என்று ஒரு பட்டியல் இருக்கும். வல்லுநர்கள் மரியாதையான மொழியில் தங்கள் சந்தேகங்களை வைக்கும் இடம் அது. அந்தப் பட்டியலில் இருக்கும் ஒவ்வொன்றையும் உங்கள் தாளில் எழுதி, அடுத்த முறை நாடு அனுப்பிய அறிக்கையில் அது சரிசெய்யப்பட்டதா என்று பாருங்கள்.

9. விளைவையும் அளவுகோலையும் ஒரே தட்டில் வைத்து நிறுங்கள்

விளைவுகள் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை நாடு அனுப்பும் அறிக்கையோடு தொழில்நுட்ப இணைப்பாக வரும். முன்பு ஈராண்டுப் புதுப்பிப்பு அறிக்கையோடு வந்தது, 2024 முதல் பாரிஸ் ஒப்பந்தத்தின்கீழ் ஈராண்டு வெளிப்படைத்தன்மை அறிக்கை அந்த இடத்துக்கு வந்துவிட்டது. பிரேசிலின் 2011 முதல் 2015 வரையிலான அமேசான் விளைவுகள் 2017-இல் வந்த இணைப்பில் இருக்கின்றன.

இங்கே ஒரே ஒரு கேள்விதான். குறிப்பு அளவை எந்தத் தரவு, எந்த முறை, எந்தக் கார்பன் வரைபடம் வைத்துப் போட்டார்களோ, விளைவுக்கும் அதேதானா? நடுவில் புதிய செயற்கைக்கோள், நுணுக்கமான படம் என்று மாறியிருந்தால் கழித்தலின் இரண்டு பக்கமும் வேறு வேறு தராசில் நிறுத்ததாகிவிடும். மறுபடி கணக்கிடத் தேவையான தகவலை இணைப்பிலேயே கொடுக்க வேண்டும் என்பது வார்சா விதி. அதை எடுத்து ஓர் ஆண்டையாவது போட்டுப் பாருங்கள்.

10. காப்பு நெறிகளைக் கடைசிப் பக்கமாக ஒதுக்காதீர்கள்

டன் கணக்கு முடிந்ததும் பலருக்குக் களைப்பு வந்துவிடும். காப்பு நெறிகள் சுருக்கத்தை ஒரு புரட்டு புரட்டிவிட்டு மூடிவிடுவார்கள். எனக்கு இதில்தான் மனம் பொறுப்பதில்லை. காட்டுக்குள் மக்கள் இருக்கிறார்கள். அவர்களை வெளியேற்றியும் ஒரு நாடு டன்னைக் குறைக்கலாம். டன் கணக்கில் அது தெரியவே தெரியாது.

கான்குன் சொல்லும் ஏழு: நாட்டின் காட்டுத் திட்டங்களோடு இசைவு, வெளிப்படையான நிர்வாகம், பழங்குடிகளின் அறிவுக்கும் உரிமைக்கும் மதிப்பு, அவர்களின் முழுமையான பங்கேற்பு, இயற்கைக் காட்டைக் காத்தல், குறைத்தது மறுபடி கூடும் ஆபத்தைக் கையாளுதல், உமிழ்வு வேறிடத்துக்கு நகர்வதைத் தடுத்தல். ‘ஊக்குவித்து ஆதரிக்க வேண்டும்’ என்ற அளவில்தான் மூல வரி இருக்கிறது, கட்டாய மொழி அதில் இல்லை. இந்தச் சொற்கள் சும்மா வந்துவிடவும் இல்லை. 2008-இல் போஸ்னான் மாநாட்டில் பழங்குடிகளைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் கடைசியில் ஒரு ‘எஸ்’ போடலாமா என்பதே சண்டையானது. அந்த ஓர் எழுத்து இருந்தால் அவர்கள் கூட்டுரிமை உள்ள சமூகங்கள், இல்லாவிட்டால் வெறும் ஆட்கள். அந்த வரைவில் எழுத்தும் போனது, உரிமை என்ற சொல்லும் போனது. மண்டபத்துக்கு வெளியே பழங்குடிப் பிரதிநிதிகள், உரிமை இல்லையேல் ரெட் இல்லை என்று முழங்கினார்கள். இரண்டு ஆண்டு கழித்து கான்குனில் இரண்டும் திரும்ப வந்தன.

சுருக்கத்தைப் படிக்கும்போது ‘சட்டம் இருக்கிறது’ என்ற வரிகளையும் ‘இது நடந்தது’ என்ற வரிகளையும் இரண்டு நிறத்தில் கோடிடுங்கள். முதல் நிறம் மட்டுமே பக்கம் முழுக்க இருந்தால், நெறிகள் மதிக்கப்பட்டதற்கு அந்த ஆவணத்தில் சான்று இல்லை. அப்படியே எழுதுங்கள். ஆண்டையும் பாருங்கள். பணம் பெறுவதற்கு முன் ஆகப் புதிய சுருக்கம் கொடுத்திருக்க வேண்டும் என்பது வார்சாவின் 9-ஆம் முடிவு.

11. இப்போது பணத்துக்கு வாருங்கள்

2014, 2015 ஆண்டுகளின் விளைவுக்காக பிரேசிலுக்கு, வளரும் நாடுகளுக்கு உதவும் ஐநா காலநிலை ஏற்பாட்டின் நிதியான பசுமைக் காலநிலை நிதியம் 2019 பிப்ரவரியில் சுமார் 9.65 கோடி டாலர் ஒப்புக்கொண்டது. அந்த நிதியத்தின் 50 கோடி டாலர் முன்னோடித் திட்டத்தில் முதல் நாடு பிரேசில்தான். விலை டன்னுக்கு 5 டாலர்.

7-ஆம் படியில் போட்ட பயிற்சிக் கணக்கை நினைவில் வையுங்கள். 63.3 கோடி டன்னை ஐந்தால் பெருக்கினால் 316 கோடி டாலருக்கு மேல் வர வேண்டும். வந்தது பத்துக் கோடிக்கும் கீழே. ஏன்? நிதியம் வாங்கிக்கொண்டது சுமார் 1.88 கோடி டன்னைத்தான். ஐந்தால் பெருக்கி, கார்பன் அல்லாத நன்மைகளுக்காக 2.5 சதவீதம் கூட்டினால் 9.65 கோடி வந்துவிடுகிறது. நாடு குறைத்ததும் பணம் கிடைத்ததும் வேறு வேறு எண். தொகையை ஐந்தால் வகுத்து ‘இவ்வளவுதான் குறைத்தார்கள்’ என்று எழுதுவது தப்பு, குறைத்த டன்னை ஐந்தால் பெருக்கி ‘இவ்வளவு வாங்கினார்கள்’ என்பதும் தப்பு.

விளைவு ஆண்டுக்கும் பண ஆண்டுக்கும் இடைவெளியை எப்போதும் சொல்லுங்கள். 2015-இல் சட்ட அமேசானில் 6,207 சதுர கிலோமீட்டர் அழிந்தது. பணம் ஒப்புக்கொண்ட 2019-இல் அது 10,129 ஆக ஏறியிருந்தது. ‘காடழிப்பு ஏறும்போது பரிசா?’ என்று அப்போது கோபப்பட்டவர்கள் கணக்கைத் தப்பாகப் படித்தார்கள், பணம் பழைய ஆண்டுகளுக்கானது. ஆனால் அவர்கள் எழுப்பிய கவலை தப்பல்ல. ஆறாவது காப்பு நெறி அதற்காகத்தான் இருக்கிறது.

அப்புறம் இரட்டைக் கணக்கு. பிரேசிலில் 2008 முதல் அமேசான் நிதியம் என்று தனியாக ஒன்று உண்டு, நார்வேதான் அதற்குப் பெரிய கொடையாளி. அதுவும் அதே அமேசான் குறைப்பைக் காட்டித்தான் பணம் பெறுகிறது. ஒரே டன் இரண்டு இடத்தில் காட்டப்பட்டதா என்று லிமா தகவல் மையத்தில் ஆண்டுவாரியாகப் பாருங்கள். அந்த மையத்தில் ஒரு விளைவு பதிவாகியிருப்பதால் மட்டும் யாருக்கும் எந்த உரிமையும் கடமையும் வந்துவிடாது. அதை விற்பனைச் சான்றிதழ்போல் காட்டுகிறவர்களிடம் எச்சரிக்கையாக இருங்கள்.

12. முதல் வரிக்குத் திரும்பி அதை நிரப்புங்கள்

இரண்டாம் படியில் எழுதிய வரியை எடுங்கள். பிரேசில் உதாரணத்தில் அது இப்படி மாறியிருக்கும்: ‘அமேசான் உயிர்ப்பரப்பில், 6.25 ஹெக்டேருக்கு மேற்பட்ட முழு வெட்டால் 2014, 2015 ஆண்டுகளில் வந்த கார்பன் டை ஆக்சைடு உமிழ்வு, 1996 முதல் 2010 வரையிலான சராசரியான 90.8 கோடி டன்னைவிடக் குறைவு. தரச் சிதைவும் மண் கார்பனும் இதில் இல்லை.’ நீளமான வரிதான். தலைப்புக்குச் சுருக்கிக்கொள்ளலாம், ஆனால் கட்டுரைக்குள் ஓரிடத்திலாவது இது முழுதாக இருக்கட்டும்.

பயன்படுத்திய ஐந்து ஆவணங்களையும் தரவிறக்கி, கோப்பின் பெயரிலேயே தேதியைச் சேர்த்துச் சேமியுங்கள். ஆறு மாதம் கழித்து யாராவது உங்கள் எண்ணை மறுத்தால், தளத்தில் அன்று இருந்தது எந்தப் பதிப்பு என்று காட்ட அந்தக் கோப்புதான் கையில் இருக்கும்.